மாமி தண்ணீர் ஊற்றிய மஞ்சள் பூ

போன மாதம் எங்கள் வீட்டில் ஒரு செடிக்குச் சுகமில்லை. வீடே கவலையில் கிடந்தது.

ஒரு செடிக்கா இவ்வளவு? என்று கேட்பீர்கள். இது மருமகன் கொண்டுவந்த செடி ஐயா!

எங்கள் கல்முனைப் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் பெண் புறப்படமாட்டாள். மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து சேருவார். எங்களுக்கு வாய்த்தவர் ஒலுவில்காரர். வரும்போது, கடற்கரை மணலில் தானாகப் படர்ந்து கிடந்த செடி ஒன்றையும் மகளுக்காகக் கிண்டி எடுத்து வந்தார். குட்டிச் சூரியகாந்தி மாதிரி மஞ்சள் பூ. கச்சான் காற்று புல்லைப் பொசுக்கும் காலத்திலும் பூத்துக்கொண்டிருக்கும் சாதி.

என் மனைவி விடுவாளா? பூச்சாடி, செம்மண், உரம், நிழலுக்கு வலை... காலையும் மாலையும் தண்ணீர்!

மருமகனுக்கும் அதே கவனிப்புத்தான். காலையில் இடியப்பமும் இறால் கறியும், இடையில் தித்திப்புக்கு வட்டிலப்பம், பகலுக்குப் புரியாணி. "இன்னம் கொஞ்சம் வைக்கட்டா மகன்?" — பதில் வருமுன் கரண்டி வந்துவிடும். வாசலைத் தாண்டினால், "இந்த வெயிலுக்க எங்க போறீங்க மகன்?" கடற்கரையில் வொலிபோல் ஆடித் திரிந்த பிள்ளை, ஃபேனுக்குக் கீழே ஏப்பம் விட்டபடி சாய்ந்து கிடந்தார்.

செடியும் சாய்ந்தது. பூ நின்றது, இலை பழுத்தது. மகள் கண்ணைக் கசக்கினாள். மனைவிக்கோ பயம் — மாப்பிள்ளை ஆசையாகக் கொண்டுவந்ததைக் கொன்றுவிட்டால் சம்மந்தி வீட்டில் என்ன கதைப்பார்கள்? அந்தப் பயத்தில் இன்னொரு வாளி ஊற்றினாள்.

மருமகன் மெல்ல எழும்பி வந்தார்.

"மாமி, இதுக்குத் தண்ணி கூடிட்டு. வெளிய மணல்ல வெச்சிட்டுக் கொஞ்ச நாளைக்குப் பாக்காம வுடுங்க."

"பாக்காம வுட்டா செத்துராதா மகன்?"

"பாத்துத்தான் சாகுது மாமி."

நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். மதிலோரம், சுடுமணலில் நட்டோம். மனைவி வாளியைத் தூக்கும்போதெல்லாம் மகள் பறித்து வைத்தாள். முந்தாநாள் காலை பார்த்தால்... பூ!

மனைவிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சந்தோஷம் வந்தால் அவள் என்ன செய்வாள்? வட்டிலப்பத்தோடு வந்து நின்றாள். மருமகன் தட்டைப் பார்த்தார். பூவைப் பார்த்தார்.

"மாமி... என்னையும் கொஞ்சம் மணல்ல வுடுங்களன்."

மனைவி தட்டைக் கீழே வைத்தாள். பிறகு அவளே சிரித்துக்கொண்டு வழிவிட்டாள். பிள்ளை பந்தோடு பறந்துவிட்டார்.

மிஞ்சிய வட்டிலப்பம் எனக்கு. நானும் இதே வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவன்தான் — சாடியிலேயே பழகிவிட்டேன்!