சாக்கு சுற்றிய முகம்

கழக்கூட்டத்தில் 2001இல் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்குக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. நான் அங்கே ஸ்டோர் கீப்பர். சுடலைமாடத்தி வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து வந்த சித்தாள். பகலெல்லாம் கலவை சுமப்பாள். சாயங்காலம் சட்டியில் மிஞ்சும் கலவையில் கோழி, ஆடு, ஆள் முகம் என்று எதையாவது செய்துவிட்டுத்தான் கை கழுவுவாள். காலையில் அதெல்லாம் இடிசலோடு லாரியேறிவிடும்.

“களிமண்ணு சொன்னபடி கேக்கும் அண்ணாச்சி, அதுல என்ன ருசி? சிமெண்டு ரோசக்காரன். ஒரு மணி நேரந்தான் இருப்பான், அதுக்குள்ள பேசி முடிச்சிரணும்” என்பாள். இப்படிப் பேசுகிறவள் சட்டி சுமக்கிறாளே என்று எனக்கு வயிறெரியும். கட்டடத்தின் முன்னால் வரப்போகும் தோட்டத்துக்குக் கடைச் சிலை எதற்கு, இவள் செய்யட்டும் என்று மலையாளி இஞ்சினியர் ஷிபுவிடம் சொன்னேன்.

ஷிபு பத்து நாள் கொடுத்தார். பதினோராம் நாள் எம்.டி. வருவார். பிடிக்காவிட்டால் உடைத்துவிட்டு, கடையில் வாங்கிய டால்ஃபின் சிலையை வைப்பார்கள்.

கம்பி கட்டி, வலை சுற்றி, ஆளுயரத்தில் ஒரு சித்தாளைச் செய்தாள். அண்ணாந்து செம்பிலிருந்து தண்ணீர் குடிக்கிற பெண். அத்தோடு விட்டிருக்கலாம். தரைக்குச் சிமெண்டுப் பால் ஊற்றித் தேய்த்துப் பழகிய கை சும்மா இருக்குமா? பளபளக்கட்டும் என்று மணல் சேர்க்காமல் வெறும் சிமெண்டைக் கரைத்து முகத்தில் பூசித் தேய்த்துவிட்டாள். ஒன்பதாம் நாள் காலையில் முகமெல்லாம் மயிரிழை வெடிப்பு.

“புத்தி கெட்ட சிறுக்கி” என்று தன்னையே வைதாள். அழுதுகொண்டே அந்த முகத்தை உளியால் கொத்தி எடுத்தாள். மணல் கலவையில் புதிதாக வைத்து, கரண்டி படாமல் விரலாலேயே முடித்தாள். இறுகியதும் ஈரச் சாக்கைச் சுற்றிக் கட்டினாள்.

பத்தாம் நாள் ஷிபு வந்து, சாக்கை அவிழ்க்கச் சொன்னார். “சாக்கை அழிக்கணும் அக்கா. நாளை எம்.டி. காணணும்.”

“சிமெண்டு ஏழு நாளு தண்ணி குடிக்கணும் சார். இப்பத் தொறந்தா மறுபடியும் வெடிக்கும்.”

“காணிக்கலைன்னா பொளிச்சுக் களையும், மனசிலாயோ?”

“ஒடச்சா ஒடைக்கட்டும். அரைவேக்காட்ட நான் காட்ட மாட்டேன்.”

இந்த வீம்புக்காரிக்காக வாயைக் கொடுத்தேனே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

மறுநாள் எம்.டி. வந்தார். சாக்கு மூட்டையைப் பார்த்துவிட்டு, “இது எந்தா?” என்றார். சுடலைமாடத்தி வாளியும் கையுமாக நின்றாள். ஷிபு ஒரு நிமிடம் அவளைப் பார்த்தார். பிறகு, கான்கிரீட்டை நனைக்கச் சொல்லி எங்களைத் தினமும் விரட்டுகிற அதே குரலில், அவள் சொன்னதையே சொன்னார்: “க்யூரிங் சார். ஏழு திவசம் கழியாதெ துறக்கான் பற்றில்லா.”

எம்.டி. தலையாட்டிவிட்டுப் போனார். ஏழு நாள் கழித்துத் திரும்பவும் வந்தார்.

சாக்கை அவிழ்த்தோம். ஒரு கீறல்கூட இல்லை. எம்.டி. இரண்டு முறை சுற்றி வந்து, “இது இவிடெத்தன்னெ நில்க்கட்டே” என்றார். இங்கேயே நிற்கட்டுமாம். நான் ஷிபுவின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். சுடலைமாடத்தியோ முகத்தருகே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எடது காது செத்தப் பெருசாப் போச்சு அண்ணாச்சி. அடுத்ததுல சரி பண்ணிருதேன்.”