பல்லில் விழுந்த வெள்ளைத் திட்டு

தச்சநல்லூர்ப் பள்ளிக்கூடத்தில் சித்ரலேகா கணக்கு டீச்சர். வேலை கிடைத்ததும் பாளையங்கோட்டைப் பல் டாக்டர் சாரம்மாளிடம் போய், தூக்கலாக இருந்த முன்பற்களுக்குக் கம்பி மாட்டிக்கொண்டாள். தொண்ணூற்றாறு ஆவணியில் கம்பியைக் கழற்றியபோது பல் வரிசை அழகாக வந்திருந்தது. ஆனால் கம்பியை ஒட்டியிருந்த இடத்தைச் சுற்றிச் சுண்ணாம்பு பட்டது போல வெள்ளைத் திட்டுகள்.

"கம்பியச் சுத்தி அழுக்கு தங்கி, பல்லோட மேல்பூச்சு கரைய ஆரம்பிச்சிருக்கு. இன்னும் சொத்தையாகல, பயப்படாதம்மா" என்றார் டாக்டர். "ஃபுளோரைடு பேஸ்ட் போட்டு ரெண்டு வேளையும் அழுத்தாம பைய தேயி. கொப்புளிக்க மருந்து தாரேன். இனிப்பு டீயக் குறை. ஒரு வருசம் பொறுத்தா பாதிக்கு மேல மங்கிரும். அதுக்குள்ள யாரையும் சுரண்ட விட்டுராத."

ஐப்பசி வரை சொன்னபடி செய்தாள். அதற்குள் வரன் வந்துவிட்டது.

"ஏட்டி, மாப்பிள்ள வீட்டுக்காரவ தையில வாராவ. பல்லு இப்படி இருந்தா என்ன நினைப்பாவ?" என்று அம்மா நீலாம்பாள் தினமும் கேட்டாள்.

கார்த்திகையில் சித்ரலேகா ஜங்ஷன் பக்கம் படிப்பில்லாமல் பல் பார்க்கிற ஒருவரிடம் போனாள். அவர் மிஷினை வைத்து மேல்பற்களைத் தேய்த்துவிட்டார். திட்டுகள் அன்றைக்கே போய்விட்டன. வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நெடுநேரம் நின்றாள்.

தையில் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை குமரவேலுக்கு அவளைப் பிடித்துவிட்டது. பங்குனியில் கல்யாணம். முடிந்து பாபநாசம் போனபோது ஆற்றுத் தண்ணீரை அள்ளிக் குடித்தாள். பல் கூசி மண்டை வரை சுளீரென்றது.

"என்ன ஆச்சு?" என்றான் குமரவேல்.

"ஒண்ணுமில்ல, தண்ணி ரொம்பக் குளிரு."

அந்தக் கூச்சம் போகவேயில்லை. மறுபடி சாரம்மாளிடம் வந்து, ஜங்ஷனில் தேய்த்ததைச் சொல்லி வாயைத் திறந்தாள். டாக்டர் திட்டவில்லை.

"தேஞ்சுபோச்சே சித்ரா. இந்தப் பூச்சு திரும்ப வளராதும்மா." கீழ்ப்பல் ஒன்றைக் காட்டினார். "இதுலயும் திட்டு இருந்துச்சு. அந்த ஆளு இதத் தொடல. பாரு, தானா மங்கிட்டு."

பல் நிறத்திலேயே பூசி மூடிவிட்டார். அதுவும் சில வருடத்துக்கொரு தடவை பெயரும், புதுசாக வைக்க வேண்டும் என்றார்.

அன்றைக்குத்தான் குமரவேலிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"பொண்ணு பாக்க வந்தன்னைக்கி நீ நிமிரவே இல்லையே. நான் உன் பல்லப் பாக்கவே இல்ல" என்றான்.

ஆறுதலுக்குத்தான் சொன்னான். சித்ரலேகா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.