தேனீக்களுக்குக் கீழே நடந்த பிள்ளைகள்

சென்ற ஆண்டு மே மாத விடுமுறையில், திருமயம் கோட்டையில் நடந்தது இது.

ஆலங்குடி பக்கம் எங்கள் ஊர்ச் சபையில் பிள்ளைகளுக்கு வேதாகமக் கதைகள் சொல்லிக் கொடுப்பவள் நான். அந்தக் கோடையில் 'இச்சையடக்கம்', அதாவது தன்னைத்தானே அடக்கிக்கொள்வது பற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லைக் கேட்டதுமே பிள்ளைகள் விழித்தார்கள். அதனால் எரிகோ பட்டணத்தின் கதையைச் சொன்னேன். ஜனங்கள் மதிலைச் சுற்றி நடக்க வேண்டும். தலைவர் யோசுவா சொல்லும்வரை ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. கதையோடு விடாமல், ஆலயத்தைச் சுற்றி அப்படியே நடக்கவும் வைத்தேன். பாதிச் சுற்றிலேயே 'க்ளுக்' என்று சிரித்துவிடுவாள் இரண்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமி. பிறகு மொத்த வரிசையும் சிரிக்கும். ஒரு நாளும் உருப்படியாகச் சுற்றி முடித்ததில்லை.

விடுமுறை வகுப்பு முடிந்ததும் எல்லோரையும் வேனில் கோட்டைக்குக் கூட்டிப்போனோம். உச்சியில் பீரங்கியைப் பார்த்துவிட்டு இறங்கும்போது, பாறையில் தொங்கிய பெரிய தேன்கூட்டைப் பருந்து ஒன்று அடித்துவிட்டுப் பறந்தது. அடுத்த நொடி எங்கள் தலைக்கு மேலே தேனீக்கள். ஒதுங்க இடமில்லாத வெட்டவெளிப் பாறை.

கோட்டைக் காவலாளி மேலே ஏறி ஓடிவந்தார். "ஓடாதீங்க டீச்சர். கத்துனா மொய்ச்சிரும். சத்தமில்லாம இங்கிட்டு எறங்குங்க" என்றார் தணிந்த குரலில்.

ஒரு பிள்ளை அலறினால் போதும்.

"எரிகோ மாதிரி நடக்கணும். நான் சொல்ற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது" என்றேன்.

பிள்ளைகள் கைகோத்துக்கொண்டு இறங்கினார்கள். ரீங்காரம் மட்டும்தான் கேட்டது. காவலாளி தன் துண்டைக் கடைசியில் வந்த குழந்தையின் தலையில் போர்த்திவிட்டு, எங்களுக்குப் பின்னாலேயே வந்தார்.

கீழே வந்து வேனில் ஏறிய பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. யாரோ என் சேலையை இழுத்தார்கள். அந்தச் சிரிப்புக்காரிதான். காது சிவந்து தடித்திருந்தது. முகமெல்லாம் கண்ணீர். இன்னொரு கையில் தம்பியைப் பிடித்திருந்தாள்.

"டீச்சர், இப்ப அழுவலாமா?"

"அழுடா தங்கம், நல்லா அழு" என்று அள்ளிக்கொண்டேன். என்னாலும் அடக்க முடியவில்லை. காவலாளி கொடுக்கை நகத்தால் வழித்து எடுத்தார். "எப்ப பாப்பா கொட்டுச்சு?" என்று கேட்டார்.

"மேலயே கொட்டிருச்சு. நான் கத்துனா தம்பியயும் கொட்டும்ல" என்றாள் தேம்பிக்கொண்டே.

ஆஸ்பத்திரியில் காட்டினோம், மாலைக்குள் வலி அடங்கியது. மற்ற பிள்ளைகளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. காவலாளியின் கழுத்திலும் இரண்டு மூன்று இடத்தில் கொட்டியிருந்ததை வேன் கிளம்பும்போதுதான் கவனித்திருந்தேன். "அது கெடக்கு டீச்சர், புள்ளைங்க வந்துருச்சுல்ல" என்றார்.

பிள்ளைகளை அமைதியாக உட்கார வைக்கத்தான் நான் அந்தப் பாடத்தை எடுத்தேன். தன் வலியைக் கொஞ்ச நேரம் தள்ளிவைத்தால் பக்கத்தில் இருப்பவர் பிழைப்பார் என்று அந்தச் சிறுமியும் காவலாளியும் எனக்குக் காட்டியதற்கு, இன்றும் ஜெபத்தில் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.