பாம்புக்காது

துடைப்பத்தை முன்னால் நீட்டி இரண்டடி வைப்பாள், நிற்பாள். தலையைச் சற்றே சாய்ப்பாள். மறுபடி இரண்டடி. ஹைட்ரஜன் உருளைகள் அடுக்கிய கொட்டகைக்குள் காலையும் மாலையும் அவள் நுழைவது இப்படித்தான். புதிதாக வருபவர்கள், பெருக்க வந்தவள் என்று ஒதுங்கி நிற்பார்கள். அவள் அங்கே பதினோரு வருட அனுபவமுள்ள டெக்னீஷியன்.

“வாசனை கெடையாது, நெறம் கெடையாது. பத்திக்கிட்டாலும் பகல்ல தெரியாது. நம்ம மூஞ்சிக்குப் பதிலா வெளக்குமாறு முன்னாடி போகட்டுமே” என்பாள்.

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் ‘பாம்புக்காது’ என்று பெயர். குழாய் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது வேலை; பாதி நாள் நுரைக்கு முன்பே காது சொல்லிவிடும். வீட்டிலும் அப்படித்தான். குளியலறையில் தண்ணீர் சொட்டினால் சாப்பாட்டை விட்டு எழுந்துவிடுவாள். “நான் பேசறது மட்டும் இவ காதுல விழாது” என்பது கணவரின் நிரந்தரக் குறை.

சென்ற மாதம் அந்தக் காதுக்கு ஒரு சோதனை வந்தது. ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் பேருந்து எரிபொருள் கலம் ஒன்றை, எவ்வளவு காலம் உழைக்கும் என்று பார்க்க ஏழு மாதமாக ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஐயாயிரம் மணி நேரம் இடைவிடாமல் ஓட வேண்டும். நடுவில் நின்றால் முதலிலிருந்து. இன்னும் ஒன்பது மணி நேரம்தான் பாக்கி.

நடுப்பகலில் அவள் கட்டுப்பாட்டு அறைக்கு விரைந்து வந்தாள். “சார், நிறுத்துங்க. கடைசி வரிசைல சீறுது.”

இளம் பொறியாளர் திரையைப் பார்த்தார். கசிவு காட்டும் விளக்குகள் எல்லாமே பச்சை. “ஒண்ணும் காட்டலையேக்கா. ஃபேன் சத்தமா இருக்கும். ஒம்பது மணி நேரம், பல்லைக் கடிச்சுக்குங்க.”

“கசிஞ்சா காட்டும் சார். கசியறது அங்கயே எரிஞ்சுபோனா?”

அவர் முகம் வெளிறியது. எழுந்து அவள் பின்னாலேயே ஓடினார்.

கொட்டகையின் கடைசி வரிசையில் உருளைகள் மேல் விழுந்த வெயிலைத் தவிர எதுவும் தெரியவில்லை. அவள் துடைப்பத்தை நீட்டினாள். நுனி சுருண்டது, கருகியது, குப்பென்று பற்றியது. கண்ணுக்குத் தெரியாத அந்தத் தீயின் நாக்கு பக்கத்து உருளையின் கழுத்தை நக்கிக்கொண்டிருந்தது.

“தண்ணி... தண்ணி கொண்டாரேன்!”

“வேணாம் சார். வர்ற வழிய அடைச்சாத்தான் அணையும்.” துடைப்பத்தைக் காலில் போட்டு மிதித்துவிட்டு, சுவரிலிருந்த சிவப்புப் பொத்தானை ஓங்கி அழுத்தினாள்.

வால்வுகள் ஒவ்வொன்றாய் டக் டக்கென்று மூடிக்கொண்டன. ஏழு மாதமாக ஓயாத ரீங்காரம் அடங்கியது. எஞ்சிய துடைப்பக் கட்டையை மறுபடி நீட்டினாள். கருகவில்லை. இன்னொரு முறை நீட்டினாள். இல்லை.

பொறியாளர் வாசற்படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். “எல்லாம் போச்சுக்கா.”

“போனா போகுது சார். தொடங்கறதுக்கு நாம இருக்கோம்ல.”

அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினாள். வரவில்லை. முந்தானையால் பிடித்துத் திருகினாள். அப்போதும் வரவில்லை. தன் விரல்களைப் பார்த்தவள், “நீங்களே தொறந்து குடுங்க சார். இப்பத்தான் பயமே வருது” என்று பாட்டிலை அவரிடம் நீட்டினாள்.