மணம் தெரியாத பச்சை மிளகாய்

காய்ச்சல் போன பிறகும் என் மூக்குத் திரும்பி வரவில்லை. கொரோனாக் காலம் அது. மகளின் தலையில் எண்ணெய் வைத்தால், கை வழுக்குவதால்தான் அது எண்ணெய் என்று தெரியும். முதலில் அழுகை வந்தது. பிறகு அதுவும் வரவில்லை.

பயம் மட்டும் இருந்தது. கெலிஓயாவில் ஒரு சோற்றுக்கடையின் குசினியில் எனக்கு வேலை. எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு வேறு என்ன கிடைக்கும்? மரக்கறி, மிளகாய் எல்லாம் பழுதா நல்லதா என்று பார்த்து எடுப்பது என் பொறுப்பு. மணம் தெரியாதவளை எதற்கு வைத்திருக்க வேண்டும் என்று முதலாளி கேட்டுவிட்டால்? அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

கையையும் கண்ணையும் வைத்தே சமாளித்தேன். பச்சை மிளகாயைக் கழுவாமல் காம்பு கிள்ளி, பேப்பர் விரித்த டின்னில் போட்டு பிரிஜ்ஜில் வைப்பேன். தினமும் பேப்பர் மாற்றுவேன். தோல் சுருங்கினால் பரவாயில்லை, சமைக்கலாம். வழவழவென்று ஒட்டினாலோ, காம்பு இருந்த இடம் கறுத்து நனைந்திருந்தாலோ கூடாது. தொட்டதையே சந்தேகத்தில் திரும்பவும் தொட்டுப் பார்ப்பேன். நல்லதையும் எத்தனையோ வீசியிருப்பேன்.

ஒரு மழைக் கிழமை, கம்பளையிலிருந்து வந்த மிளகாய் பையோடு நனைந்திருந்தது. துடைத்து உலர்த்தித்தான் வைத்தேன். இரண்டு நாளில் மூடியின் உட்புறம் தண்ணீர் முத்துமுத்தாக நின்றது. மேலே கிடந்தவை கெட்டியாகவே இருந்தன. பகல் சாப்பாட்டுக்குச் சம்பல் இடிக்க வேண்டும். எனக்கு முடிவெடுக்க முடியவில்லை. டின்னை நானாவிடம் நீட்டினேன். அவர்தான் எங்கள் சமையற்காரர், மடவளைப் பக்கத்து ஆள்.

“நானா, ஒருக்கா மோந்து பாருங்க.”

மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் வெகுநேரம் வைத்திருந்தார். பிறகு என்னிடமே திருப்பித் தந்தார்.

“நீங்க பாருங்க தங்கச்சி.”

“நான் பாத்துட்டேன். நீங்க சொல்லுங்க.”

“நான் சென்னா சரியா? ஒங்கட வேலதானே இது.”

நான் டின்னைத் திரும்பவும் நீட்டினேன். அவர் வாசல் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைக் குறைத்தார்.

“எனக்கு அந்தக் காய்ச்சலோட மணமே வெளங்குதில்ல.”

“எனக்குந்தான் நானா.”

“அப்ப இவ்வளவு நாளும் ஆரு மோந்து பாத்த?”

“யாரும் பாக்கல.”

“நல்லா ஈக்கி. மூக்கில்லாத ரெண்டு பேரு ஊருக்குச் சோறு போட்டீக்கோம்.”

சிரிப்பு வர வேண்டிய இடம். இருவருக்கும் வரவில்லை. டின்னை அப்படியே வாளியில் கவிழ்த்துவிட்டு, அன்றைக்கு நானா காய்ந்த செத்தல் மிளகாயில் சம்பல் இடித்தார்.

முதலாளி உள்ளே வந்தபோது வாளியைக் கண்டார். குனிந்தவர் உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“என்னத்த நாத்தம் இது? இதயா உள்ளுக்கு வெச்சிக்கிட்டு இருந்தீங்க?”

“வெளங்கினதாலதானே வீசின,” என்றார் நானா, உரலைவிட்டுத் தலை நிமிராமல்.

முதலாளி என்னைப் பார்த்தார். நானும் தலையாட்டினேன். வெளியே கொண்டுபோய்க் கொட்டச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வேலை போகவில்லை. நிம்மதி வரும் என்று பார்த்தேன், வரவில்லை. கொட்டுமுன் வாளிக்குள் முகத்தை விட்டு மூச்சை இழுத்தேன். குளிர்காற்று ஏறியது, அவ்வளவுதான்.

மறுநாளிலிருந்து ஒவ்வொரு மிளகாயையும் நெடுக்கக் கீறி உள்ளே பார்த்தோம். விதை கறுத்திருந்தால் வாளிக்கு. பாதியை அவர் கீறுவார், பாதியை நான்.