மாங்காய்த் தொட்டியில் அத்தையின் முழுக்கு

எங்கள் குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் மறுபடியும் ஞானஸ்நானச் சண்டை. குழந்தையில் தலையில் ஊற்றுவது செல்லுமா, வளர்ந்தபின் தண்ணீரில் முழுகினால்தான் செல்லுமா என்று பெங்களூரிலிருந்தும் வேலூரிலிருந்தும் வசனங்கள் வந்து விழுந்தன. நானும் ஏதோ எழுதினேன். அனுப்பத் துணிவில்லாமல் அழித்துவிட்டேன். நான் எழுதியது வசனம் இல்லை. சின்ன வயதில் சித்தூரில், மாங்காய் கழுவுகிற தொட்டி ஒன்றில் நான் பார்த்தது.

நைனா, என் அப்பா, மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் தண்ணீர் மோட்டார் போடுகிறவர். பழைய சபையில் ஞாயிறுதோறும் வேதபாடம் வாசிக்கிறவரும் அவர்தான். அவருடைய தங்கை, என் அத்தை, எங்களோடு இருந்தாள். சீசனில் அதே ஃபேக்டரிக்கு மாங்காய் நறுக்கப் போவாள். குளிர்ச்சி பட்டால் அவளுக்கு மூச்சு இரைக்கும். அந்த வருஷம் அவள் பஸ் ஸ்டாண்டு பக்கம் புதிதாக வந்த ஜெபவீட்டுக்குப் போகத் தொடங்கினாள். அங்கே பாதிப் பாட்டு தமிழ், பாதி தெலுங்கு. டிரம் இருந்தது. எனக்கு டிரம் பிடித்தது. நைனாவுக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் தடுக்கவில்லை. முழுக்கு எடுக்கப் போகிறேன் என்று அத்தை சொன்ன அன்றுதான் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

அதற்குக் காரணம் இருந்தது. அத்தை கைக்குழந்தையாக இருந்தபோது ஒருநாள் மூச்சு விட்டுவிட்டு வந்ததாம். எங்கள் சபைப் போதகரான ஐயர் ஊரில் இல்லை. ஞானஸ்நானம் ஆகாமல் பிள்ளை போய்விடுமே என்று வீடே அழுதபோது, பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த நைனா ஒரு சொம்பில் தண்ணீர் எடுத்து, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தைச் சொல்லி அவள் நெற்றியில் ஊற்றினார். ஆபத்து நேரத்தில் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்பது எங்கள் சபை முறை. பிள்ளை பிழைத்தது. ஊர் திரும்பிய ஐயர் மறுபடி ஊற்றவில்லை. தலையில் கை வைத்து ஆசீர்வதித்ததோடு சரி.

"நான் ஊத்துனது இன்னா, தண்ணி இல்லியா?" என்றார் நைனா.

"தண்ணிதாண்ணா. ஆனா நான் கேக்கலியே."

"பொறந்தப்போ பாலும்தான் நீ கேக்கல. குடுக்கலியா?"

"அதுக்கு அழுதேனே ணா. இதுக்கு அழலியே."

"ஒரு தபா ஆனது ஆனதுதான்" என்று நைனா எழுந்துகொண்டார்.

"ரெண்டு பேரும் துன்னுட்டு சண்ட போடுங்க" என்றாள் அம்மா. சண்டையில் நைனாவுக்கு ஒரு பாயிண்ட், அத்தைக்கு இரண்டு என்று நான் மனதுக்குள் கணக்கு வைத்துக்கொண்டேன்.

நீவா ஆற்றில் அப்போது மணல்தான் இருந்தது. ஜெபவீட்டுக்குச் சொந்தமாகத் தொட்டி கிடையாது. பாஸ்டர் நேராக ஃபேக்டரி முதலாளியிடம் போய், சீசன் முடிந்து காலியாகக் கிடந்த மாங்காய் கழுவும் தொட்டியைக் கேட்டார். முதலாளி மாசாமாசம் காணிப்பாக்கம் பிள்ளையார் கோயிலுக்குப் போகிறவர். "தண்ணிக்கு இன்னா சாமி இருக்குது, மோட்டார்காரரு ஒத்துக்கினா ரொப்பிக்கோங்க" என்றுவிட்டார். ஆக, அத்தையின் முழுக்கு நைனா சுவிட்ச் போடுவதில் வந்து நின்றது. போட்டால், தான் ஊற்றியது வெறும் தண்ணீர்தான் என்று அவரே ஒத்துக்கொண்டதாக ஆகும். போடாவிட்டால், அவள் வாழ்க்கையில் ஆசைப்பட்டுக் கேட்ட ஒரே விஷயத்தைத் தடுத்தவர் ஆவார்.

ஞாயிறு விடியுமுன்பே நைனா கிளம்பிப் போனார். பின்மத்தியானம் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தொட்டி நிறைந்திருந்தது. கையை விட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. காலையிலேயே நிரப்பி, பகல் முழுக்க வெயிலில் காயவிட்டிருக்கிறார். பாஸ்டர் கும்பிட்டார். நைனா, "பச்சத்தண்ணி அவளுக்கு ஆவாது" என்று மட்டும் சொல்லிவிட்டு, மோட்டார் ரூம் வாசலில் துண்டோடு நின்றுகொண்டார். பாட்டுக்கு வாயைத் திறக்கவில்லை.

மாங்காய் வாசனை அந்தச் சிமெண்டை விட்டுப் போகவே இல்லை. வெள்ளைச் சேலையோடு அத்தை இறங்கினாள். பாஸ்டர் அவள் மூக்கைப் பொத்தி, மல்லாக்கச் சாய்த்து, முக்கி எடுத்தார். எல்லாரும் அல்லேலூயா சொன்னார்கள். அந்தச் சத்தத்தின் நடுவே ஜெபவீட்டு அம்மாள் ஒருத்தி கத்தினாள்.

"ஐயோ, நெத்தி முங்கல! பாத்துக்கினே இருந்தேன், நெத்தி ஈரமே ஆவல!"

ஆளுக்கொரு பேச்சாகிவிட்டது. முழுக்கு என்றால் முழுக்க முழுக வேண்டாமா? பாஸ்டருக்கே சந்தேகம் வந்துவிட்டது. தெலுங்கில் ஏதோ மெதுவாகச் சொல்லி, இன்னொரு தரம் என்று ஜாடை காட்டினார். அத்தைக்கு அதற்குள் இரைக்க ஆரம்பித்திருந்தது. இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு தயாராக நின்றாள்.

"வேணாம்!"

அது நைனாவின் குரல் என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. சபையில் வேதபாடம் வாசிக்கும்போதுகூட அவர் அவ்வளவு சத்தமாக வாசித்ததில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் தொட்டிப் படியில் இறங்கினார்.

"ஒரு தபா ஆனது ஆனதுதான், பாஸ்டரே. நாமத்த சொல்லியாச்சு இல்ல? எது முங்கிச்சு எது முங்கலன்னு பாக்கறதுக்கு இன்னா, மாங்காயா கழுவுறீங்க?"

யாரோ சிரித்துவிட்டார்கள். பாஸ்டர் கையை எடுத்துக்கொண்டார். அத்தை கண்ணைத் திறந்து, பாஸ்டரைப் பார்க்காமல் நைனாவைப் பார்த்தாள்.

"ஆயிடுச்சா ணா?"

"ஆயிடுச்சும்மா. மேல வா."

துண்டை விரித்து அவள் தலையைத் துவட்டினார். ஈரமே ஆகாத நெற்றியையும் சேர்த்துத் துடைத்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் நான் கணக்கை முடித்துவிட்டேன். அத்தை ஜெயித்துவிட்டாள், நைனா தோற்றுவிட்டார். சொம்புக்குச் சொன்ன அதே சொல்லைத்தான் நைனா தொட்டிக்கும் சொன்னார் என்பது என் காதில் விழவில்லை. ஜெயித்தவள் எதற்காகத் தோற்றவரின் துண்டைத் தலையிலிருந்து எடுக்காமலே வழி முழுக்க அழுதுகொண்டு வருகிறாள் என்று மட்டும் யோசித்துக்கொண்டே நடந்தேன்.