மஞ்சுளா ஸ்டேஷனில் நின்ற ட்ராலி

1. டீ பெல்

டீ பெல் அடிச்சா போதும், ட்ராலி நின்னுடும். ஏழாம் ஸ்டேஷன்ல மஞ்சுளா நிக்கிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னாடி, மஞ்ச லைட்டைச் சிமிட்டிக்கிட்டு அசையாம நிக்கும். பின்னாடி மத்த ட்ராலிங்க வரிசை கட்டும். லைனுக்குப் பார்ட்ஸ் வராது.

"ஏனு மேடம் இது? டெய்லி இதே கதை!"ன்னு புரொடக்‌ஷன் மேனேஜர் என்மேல பாய்வார். அத்திப்பள்ளிக்காரர், கோபம் வந்தா கன்னடம் முந்திக்கும்.

ஓசூர்ல வண்டி பார்ட்ஸ் செய்யிற கம்பெனி அது. ஆளில்லாம ஓடுற அந்த ட்ராலிங்க, மெயின்டனன்ஸ்ல சீனியரான என் பொறுப்பு. மஞ்சுளா பேரிங் ஃபிட் பண்ற பொண்ணு. மத்திகிரில வாடகைக்கு இருந்தா. அவளுக்குக் காது கேக்காது. ஹாரன் அடிச்சுப் பிரயோஜனமில்லேன்னு கையில வாட்ச் மாதிரி ஒரு பேண்ட் கட்டியிருந்தோம். கிட்ட வர்ற ட்ராலி நேரா பேண்டுக்கு 'வர்றேன்'னு ரேடியோல சொல்லும். பேண்ட் அதிரும், 'சரி'ன்னு பதில் அனுப்பும். நடுவுல சர்வர், டவர் எதுவும் கிடையாது. பதில் வரலேன்னா ட்ராலி நின்னே ஆகணும். அதை மட்டும் நான் யாருக்காகவும் மாத்த மாட்டேன்.

மீட்டிங்ல மேனேஜர் முடிவே பண்ணிட்டார். "அந்தப் பொண்ணை பேக்கிங்குக்கு மாத்திடலாம். அங்க ட்ராலி போகாதே."

பேக்கிங்னா காலம் பூரா கான்ட்ராக்ட்தான். லைன்ல இருந்தாதான் பர்மனென்ட், அவளுக்கு அது கைக்கு எட்டுற நேரம். ட்ராலி நிக்குதுன்னு ஆளை மாத்துவாங்களா? எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

"ஒரு வாரம் குடுங்க சார். முடியலேன்னா அப்புறம் பேசுங்க"ன்னுட்டு எழுந்து வந்துட்டேன்.

2. பட்டா இல்லாத காத்து

இந்த ட்ராலி ரேடியோவுக்கு லைசென்ஸ் கிடையாது. வைஃபை, போன், ட்ராலி எல்லாம் ஒரே காத்துலதான் பேசுது, யாருக்கும் பட்டா இல்ல. அதனால ஒரு முறை வச்சிருக்காங்க. பேசுறதுக்கு முன்னாடி காது குடுத்துக் கேக்கணும். யாராவது பேசிக்கிட்டிருந்தா முடியட்டும்னு நிக்கணும். காத்து சும்மா ஆனதும் பாஞ்சுடக் கூடாது, இன்னும் கொஞ்சம் காத்திருந்துதான் வாயைத் திறக்கணும். அவசரச் சேதிக்கு அந்தக் காத்திருப்பு கம்மி, ஆனா சுருக்கமா முடிச்சுக்கணும்.

ட்ராலி வித்த கம்பெனி இன்ஜினியர் வந்து பாத்தார். "மேடம், கேக்குறதை ஆஃப் பண்ணிடலாம். ட்ராலி பாட்டுக்குக் கத்தட்டும்."

"நல்லா இருக்குய்யா உங்க யோசனை! எல்லா ட்ராலியும் ஒண்ணாக் கத்துனா பேண்டுக்கு எது கேக்கும்?"ன்னேன். அவர் டீ குடிக்கப் போயிட்டார்.

நான் காத்துல எவ்வளவு பேச்சு ஓடுதுன்னு காட்டுற அனலைசரைத் தூக்கிக்கிட்டு டீ நேரத்துல ஷெட்டைச் சுத்துனேன். ஏழாம் ஸ்டேஷன் பக்கம் போகப் போக நெரிசல் ஏறுச்சு. அங்க மஞ்சுளா, ரேக்ல போனைச் சாய்ச்சு வச்சு, ரெண்டு கையும் பறக்க சைகைல பேசிக்கிட்டிருக்கா. ஸ்க்ரீன்ல எங்க கம்பெனி பெயின்ட் ஷாப் ரேணுகா. அவளுக்கும் காது கேக்காது. ஜூஜுவாடி எல்லையோரம்ங்கிறதால எங்க போனெல்லாம் கர்நாடகா டவருக்கும் நம்ம டவருக்கும் அல்லாடும், தகர ஷெட்டுக்குள்ள சுத்தமா செத்துடும். அதனால சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவகிட்ட போனுக்குப் போன் வைஃபைல நேரா வீடியோ.

ஐயோன்னு ஆயிடுச்சு எனக்கு. அவ பேச்சே அவ பேண்டை மறிக்குது.

மேனேஜர் காதுக்கு விஷயம் போயி, நேரா அங்கயே வந்துட்டார். "சிம்பிள் மேடம்! போனைப் பிடுங்கிடலாம்."

"மத்தவங்க டீ நேரத்துல வாய் வலிக்கப் பேசுறாங்களே, அவங்க வாயை யாரு சார் அடைக்கிறது?"

மஞ்சுளா எங்க ரெண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பாத்துட்டு, போன்ல டைப் பண்ணி என்கிட்ட நீட்டுனா. "அக்கா, லைன்லயே விடுவாங்கன்னா ரேணுகாகூட பேசுறதை நிறுத்திடறேன். நாள் பூரா எனக்குப் பேச்சுன்னா அது ஒண்ணுதான்."

'நிறுத்தாத'ன்னு மட்டும் டைப் பண்ணிக் குடுத்தேன்.

3. ரெண்டாப் பிரிச்சது

ட்ராலியோட ரேடியோ செட்டிங்கைத் திறந்தா தலையில அடிச்சுக்கலாம் போல இருந்துச்சு. 'வர்றேன்'ங்கிற சேதி, பேட்டரி ரிப்போர்ட், ஓடுன தூரம் எல்லாத்தையும் ஒரே மூட்டையாக் கட்டி, ரொம்ப நேரம் காத்திருக்கிற கடைசி வரிசைல நிறுத்தியிருக்காங்க. டோல்கேட்ல ஆம்புலன்ஸை லாரிக்குப் பின்னாடி நிறுத்துன மாதிரிதான்.

மூட்டையைப் பிரிச்சேன். 'வர்றேன்', 'சரி' ரெண்டும் முதல் வரிசைக்குப் போச்சு. ரிப்போர்ட்டெல்லாம் ஆற அமர வரட்டும்னு கடைசிலயே விட்டேன். கேக்குற முறையில கை வைக்கல. சேஃப்டி ஆளுங்களைக் கூட்டியாந்து சோதிச்சேன். அவ வீடியோவுக்கு நடுவுல விழுற சின்னச் சின்ன இடைவெளில அந்த ஒத்த வார்த்தை போய்ச் சேந்துச்சு.

மறுநாள் டீ பெல் அடிச்சுது. ட்ராலி வந்துச்சு. பேண்ட் அதிர, மஞ்சுளா ரேணுகாகிட்ட ஏதோ சொல்லிக்கிட்டே ஒரு அடி ஒதுங்குனா. ட்ராலி அது பாட்டுக்குப் போச்சு. நான் சத்தமாச் சிரிச்சுட்டேன்.

லைன்லயே இருக்கலாம்னு அவகிட்ட சொல்ல, அடுத்த வாரம் மேனேஜரே ஏழாம் ஸ்டேஷனுக்கு வந்தார். டீ நேரம். அவ முதுகைக் காட்டிக்கிட்டு போன்ல பேசிக்கிட்டிருந்தா. தோளைத் தட்டக் கையைத் தூக்குனவர், அவ கை ஆடுறதைப் பாத்து இறக்கிட்டார். கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு நின்னார். யார் பேச்சையும் முடிக்க விடாத மனுஷன், அவ முடிச்சுத் திரும்புற வரைக்கும் நின்னார். அப்புறம் அவ நின்ன இடத்தைக் காட்டி, "இங்கயே, இங்கயே"ன்னு தலையாட்டுனார்.

இந்த வேலைக்கு வர்ற பிள்ளைங்களுக்கு நான் சொல்றது இதுதான். காத்துல நெரிசல்னு தெரிஞ்சதும் யாரை வெளிய அனுப்பலாம்னு பாக்காதீங்க. முதல்ல போய், அங்க யாரு பேசிக்கிட்டிருக்காங்கன்னு பாருங்க.